ஜீப்புகள் வராத காலை

செந்திலு,

போனை நீ எடுக்காததால் எழுதுகிறேன். ரிங் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் அந்தப் பெண்குரல் வந்து நீ பதில் அளிக்கவில்லை என்கிறது. அது எனக்கே தெரிகிறது. கவிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காக அத்தை" என்றாள். நல்லா இருக்கிறவனுக்குப் பெத்தவகிட்டப் பேச என்ன வந்துச்சு என்று கேட்டதும் அழுதுவிட்டாள். உன் ஹோட்டல் முன்னால் மேம்பால வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்துவிட்டதும், ரோட்டில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியாமல் போனதும், ஒருநாள் மத்தியானம் நீ ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன் சுவரைப் பார்த்தபடியே கிடப்பதும் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. உன் கடை மாஸ்டரும் எனக்குப் போன் போட்டார். "அம்மா, நாங்க வரணுமா வேண்டாமான்னு மட்டும் தம்பிய ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

காலையில் ஜீப்புகள் எல்லாம் போன பிறகு, கடை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஊரடங்கு வந்தபோது நீ கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டாய். அம்மா எப்படி இருக்க என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் "சமாளிக்கிறேன்ப்பா" என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. எப்படிச் சமாளித்தேன் என்று உனக்கு இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் கதை உனக்கு உதவுமா என்று தெரியாது. படித்துப் பார்.

நம் மெஸ் எதை நம்பி நடக்கிறது என்று உனக்குத் தெரியும். விடியும்போது கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் பொம்பளைகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. மலையேறி, கேரளாவில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஜீப் நிறைந்து கிளம்புவதற்குள் நம்மிடம் நாலு இட்லி சாப்பிடுவார்கள், இல்லை என்றால் பொட்டலமாக வாங்கிக்கொள்வார்கள். டிரைவர்களும் நம்மிடம்தான். வெயில் ஏறுவதற்குள் நம் வியாபாரம் முடிந்துவிடும். அந்த மலைரோடு திறந்திருந்தால் நம் அடுப்பு எரியும், அவ்வளவுதான்.

எதிர்ச் சாரியில் லீலாம்மா சேச்சி புட்டும் கடலைக்கறியும் டீயும் போட்டாள். சொந்த ஊர் குமுளி. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் வீட்டுக்குப் போய் வருவாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும், காரணம் உனக்கு மறந்திருக்கும். ஜீப்பை எங்கே நிறுத்துவது என்பதுதான் காரணம். அவள் கடை முன்னால் நிறுத்தினால் நம் கடை மறைந்துவிடும், நம் கடை முன்னால் நிறுத்தினால் அவள் கடை மறைந்துவிடும். உங்க அப்பா ஒருநாள் சத்தம் போட, அவள் பதிலுக்குச் சத்தம் போட, அன்றோடு அறுந்தது. அப்புறம் ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் வாசல் தெளிக்கும்போது நான் உள்ளே போவதும் நான் தெளிக்கும்போது அவள் உள்ளே போவதுமாக வருசக்கணக்கில் ஓட்டினோம்.

அப்பா போனது உனக்குத் தெரிந்த கதை. கம்பத்துக்குக் காய்கறி வாங்கப் போனவர் மார்க்கெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே நான் கடையைத் திறந்தேன். ஊர் பேசியது. நீகூட என்னை ஒரு மாதிரி பார்த்தாய், கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எப்படி ஆச்சு என்று. கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. சாம்பார் கேட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு ஆச்சரியமாக ஒரு விசயம் நடந்தது. நம்மிடம் சாப்பிடுகிற ஆட்கள் ஒருவர் விடாமல் திரும்ப வந்திருந்தார்கள். இத்தனை நாள் மூடிக் கிடந்த கடைக்கு யார் வருவார்கள் என்று பயந்துகொண்டு கொஞ்சமாகத்தான் மாவு ஆட்டியிருந்தேன். ஏன் வந்தார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஊரடங்குக்கு வருகிறேன். ஏதோ வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள், ஆனால் தோட்டத்து வேலையை யார் நிறுத்துவார்கள் என்று நினைத்து வழக்கம்போல மாவு ஆட்டி வைத்தேன். காலையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டில் ஒரு ஜீப் இல்லை. ஒரு பொம்பளை இல்லை. எதிரே சேச்சி புட்டுக்குழாயை வைத்துக்கொண்டு அவளும் ரோட்டைப் பார்த்து நின்றாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் உள்ளே போகாமல் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் வண்டியில் வந்து, "அம்மா, அடைச்சிட்டு வீட்டுக்குப் போங்க. மலையடிவாரத்துல, லோயர் கேம்ப்புல ரோட்டை மறிச்சாச்சு" என்றார். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "மேல இருந்து சொல்லணும்" என்றார்.

மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். மிச்சம் புளித்து வாடை வந்ததும் சாக்கடையில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு வந்து படுத்தேன். நீ இப்போது படுத்திருக்கிறாயே, அப்படித்தான். குளிக்கவில்லை. தலை சீவவில்லை. பசித்தால் தண்ணீர் குடித்தேன். அப்பா போனபோதுகூட நான் அப்படிக் கிடக்கவில்லை. அப்போது செய்வதற்கு வேலை இருந்தது. இப்போது வேலையே போய்விட்டது. கைக்கு எதுவும் இல்லாதபோது நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை செந்திலு. உன்னை எழுந்திரு எழுந்திரு என்று கவிதா சொல்லும்போது உனக்கு எரிச்சலாக வரும். எனக்கு அப்படிச் சொல்ல வீட்டில் யாருமில்லை. எழுந்தால் யாருக்கு, படுத்தால் யாருக்கு என்று கிடந்தேன்.

அந்தச் சமயத்தில் ஸ்டாண்டு ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி ஆனார்கள். நம் பாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவோடு சுற்றுவானே, ஜீப் டிரைவர். அனுமந்தன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை வெட்ட ஆளில்லாமலும் வாங்க வியாபாரி வராமலும் கொடியிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, பாஸ் வாங்கி, ஜீப்பில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றான். இன்னொரு டிரைவர் வந்த விலைக்கு ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அவசரப்பட்டுட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். இப்போது அவர் அங்கே பனியன் கம்பெனியில் நன்றாகத்தான் இருக்கிறாராம். பாண்டி செய்தது சரி, அவர் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எது சரி என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அப்புறம் சொல்வது லேசு.

ஒருநாள் காலை மெஸ்ஸுக்குப் பின்னால் நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். போலீஸ் என்று நினைத்துத் திறந்தால் சேச்சி நிற்கிறாள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தாள். அத்தனை வருசத்தில் அவள் ரோட்டைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு சிலிண்டர் தீந்துபோச்சு" என்றாள். "அரிசி இருக்கு, பயறு இருக்கு. உனக்கு கேஸ் இருக்கோ?"

இருக்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கலைந்த தலையைப் பார்த்தாள். திரும்பிப் போய் அரிசியையும் பயறையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "நீ குளிச்சிட்டு வா. நான் உலை வைக்கிறேன்" என்றாள். யாரோ எனக்கு வேலை சொல்கிறார்கள் என்பதே எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. போய்க் குளித்தேன்.

கஞ்சியும் பயறும் சாப்பிட்டோம். எதிரெதிரே உட்கார்ந்து. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் நான் அவள் வருவதற்கு முன்னாலேயே எழுந்து கூட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஜீப் நிறுத்துகிற சண்டையைப் பற்றி நான் ஒருநாள் பேச்செடுத்தேன். "சாரமில்லா" என்றாள். பரவாயில்லை விடு என்று அர்த்தம். "இப்ப ஸ்டாண்டே காலியாத்தானே கிடக்கு. உனக்கு எவ்வளவு இடம் வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

காய்கறி லாரிகளை மட்டும் கேரளாவுக்கு விட்டார்கள். டிரைவர்கள் செக்போஸ்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள், ஒரு டீக்கடை திறந்திருக்கவில்லை. பாண்டிதான் வந்து சொன்னான். "யக்கா, அங்கன லாரிக்காரங்க பிஸ்கட்டத் தின்னுட்டு நிக்காக. நீங்க ரெண்டு பேரும் சேந்து பார்சல் போட்டா, பாஸ் இருக்குல்ல, நான் கொண்டுபோய்க் குடுத்துருவேன்" என்றான். எனக்குப் பயம். இட்லி கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் காய்ந்துவிடும் என்றேன். "இட்லி வேண்டாம்" என்றாள் சேச்சி. "சோறும் மோரும் பயறும் கட்டு. கெடாது." அப்படித்தான் ஆரம்பித்தோம். மெஸ் வாசல் மூடியிருக்கும், பின்கட்டில் அடுப்பு எரியும். நான் வடிப்பேன், அவள் தாளிப்பாள். காரத்துக்கும் எண்ணெய்க்கும்தான் சண்டை. அவளுக்குத் தேங்காய் எண்ணெய், எனக்குக் கடலை எண்ணெய். அப்புறம் தாளிக்க ஒருநாள் அவள் கை, ஒருநாள் என் கை என்று முறை வைத்துக்கொண்டோம். செக்போஸ்டில் நின்ற போலீஸ்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நம் மெஸ்ஸில் பாதி வியாபாரம் பார்சல்தான். அது அப்போது பிறந்தது.

ஒருநாள் பயறு களைந்துகொண்டிருக்கும்போது உங்க அப்பா பேச்சு வந்தது. காரியம் முடிந்து நான் கடை திறந்த அன்றைக்கு எல்லாரும் திரும்ப வந்ததைச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எங்க போவாங்க? நானும் அடைச்சுத்தானே கிடந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அப்பா இறந்த அன்றைக்கு ஷட்டரை இழுத்தவள், நான் திறக்கும் வரைக்கும் அவளும் திறக்கவில்லையாம். நான் வீட்டை விட்டு வெளியே வராததால் எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

"ஏன் சேச்சி? அப்ப நமக்குள்ள பேச்சே இல்லையே."

"பேச்சில்லைன்னா என்ன" என்றாள். "உன் வீட்டுல சாவு விழுந்த நேரத்துல உன் ஆளுக எங்கிட்ட வந்து சாப்புடுவாங்க. நீ திறந்ததும் திரும்பி உங்கிட்டப் போவாங்க. போறப்ப என்னப் பாக்க முடியாம தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவாங்க. எனக்கு அது பிடிக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். பயறை அடுப்பில் ஏற்றப் போய்விட்டாள். அப்பா போய், எனக்கு யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டில் இருந்த நாட்களில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எனக்காகக் கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் மகள் குமுளியில் நிறைமாதமாக இருந்தாள். மலை ஏறினால் வந்துவிடுகிற ஊர். பாண்டியின் ஜீப்பில் முன்பெல்லாம் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு தொடங்கி நாலு பாட்டுக்குள் போய்விடலாம் என்பாள். அந்த ஊருக்கு அவளால் போக முடியவில்லை. பிரசவம் ஆனதும் போனில் பிள்ளையைக் காட்டினார்கள். அவள் போனை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தாள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பிள்ளை அழுவதும் நிற்பதும் அப்படியே உறைவதுமாக இருந்தது. "முகம் தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் கை முறை. நான் தாளித்தேன்.

ரோட்டைத் திறந்த அன்றைக்கு நான் மாவு ஆட்டிவிட்டு, விடிந்ததும் கடையைத் திறந்தேன். ஸ்டாண்டில் ஜீப்புகள் வந்து நின்றன. பொம்பளைகள் வந்தார்கள். சிலர் மெலிந்திருந்தார்கள், ஒருத்தி வரவேயில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். சேச்சியிடம் சொல்லலாம் என்று எதிரே பார்த்தேன். ஷட்டரில் பூட்டு.

"சேச்சியவா தேடுறீக?" என்றான் பாண்டி. "மொத ஜீப்புல ஏத்திவிட்டுட்டேன் யக்கா. பெட்டியோட போயிருச்சு."

எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே என்று கேட்டேன். "கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க யக்கா" என்றான்.

அன்றைக்கு நல்ல வியாபாரம். நான் ஊற்றினேன், பரிமாறினேன், காசு வாங்கினேன், எல்லாம் செய்தேன். ரோடு மூடினபோது விழுந்த அடியைவிட ரோடு திறந்தபோது விழுந்த அடி எனக்குப் பெரிதாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும். எல்லாரும் நல்லது நடந்துவிட்டது என்று சந்தோசமாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஒருத்தி போய்விட்டாள் என்று எப்படி அழுவது. போன் செய்தேன். "வருவேன், வருவேன், கொஞ்ச நாள் பிள்ளையப் பாத்துட்டு வருவேன்" என்றாள். வரவில்லை. கொஞ்ச காலத்தில் கடையை ஒப்படைத்துவிட்டாள். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது.

ஆடிக் காற்றும் சாரலுமாக இருந்த ஒருநாள் நான் குமுளிக்குப் போனேன். மகள் வீட்டில் சேச்சிதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளையை என் மடியில் விட்டாள். நான் கோபமாகப் பேச வேண்டும் என்று ஜீப்பில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு கேள்விதான் வந்தது.

"போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல சேச்சி?"

"சொன்னா நீ நில்லுன்னு சொல்லுவ" என்றாள். "நான் நின்னுருவேன். அதான் சொல்லல."

அவள் சொன்னது நிஜம். நான் நில் என்று சொல்லியிருப்பேன். அவளும் நின்றிருப்பாள், இந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்காமல். எனக்கு அது புரிந்தது. புரிந்தபிறகும் வலி போகவில்லை. அவள் செய்ததில் நியாயம் இருக்கிறது, அவள் சொல்லாமல் போனதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கத்தான் செய்கிறது. திரும்பும்போது ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். இப்போதும் எப்போதாவது போனில் பேசுவோம். முன்னைப்போல இல்லை. கஷ்டத்தில் ஒட்டிக்கொண்டவர்கள் அது தீர்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகத்தான் வேண்டும்.

எனக்கு ராத்திரி பயமில்லை செந்திலு, அசந்து தூங்கிவிடுவேன். இந்த நேரம்தான் கஷ்டம். ஜீப்புகள் போய், பாத்திரம் கழுவுகிற அக்காவும் போய், ஸ்டாண்டில் கசங்கின இலையும் நாயும் மட்டும் கிடக்கிற இந்த நேரம். வெயில் நன்றாக அடிக்கும், ரோட்டில் பஸ் போகும், எல்லாம் நடக்கும். நான் மட்டும் மேசையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டு நிற்பேன்.

அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ கடையை மூடிவிட்டாய் என்று கவிதா சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அப்போ இவன் ஊருக்கு வந்துவிடுவான் என்று தோன்றியது. அரை நிமிசம்கூட இருக்காது. அந்த அரை நிமிசத்துக்குள் நீ இங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பதையும், கவிதா பின்கட்டில் நிற்பதையும், நான் யாரையோ அதட்டுவதையும் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் அவள் அழுவது என் காதில் விழுந்தது. பெற்றவளுக்கு இப்படித் தோன்றலாமா என்று தெரியவில்லை. தோன்றியது. அதை மறைத்துக்கொண்டு உனக்குப் புத்தி சொன்னால் அது எனக்கே ஒட்டாது.

புத்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாலம் கட்டுகிற ஆட்களுக்குச் சாப்பாடு போடலாமே என்று கவிதாவிடம் கேட்டேன். அவர்களுக்குக் கம்பெனியே அடுப்பு வைத்துச் சமைத்துப் போடுகிறதாம், நீ முதலிலேயே போய்க் கேட்டுவிட்டாயாம். எனக்கு ஓடின யோசனை உனக்கு ஓடாமல் இருக்குமா. எனக்குக் கிடைத்த லாரிக்காரர்கள் உனக்குக் கிடைக்காமல் போகலாம். தகரத்தை எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீ வேறு இடம் பார்க்கலாம், வேறு ஒருவரிடம் வேலைக்குப் போகலாம், மூடியே விடலாம். எதுவானாலும் சரி. மூடுவதாக இருந்தாலும் மாஸ்டரையும் மற்றவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டு மூடு. உன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடு, முடியாததை முடியாது என்று சொல். ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்காதே. கடை போனது உன் கையில் இல்லை. அந்த ஒரு வார்த்தை உன் கையில் இருக்கிறது. சொல்லாமல் விட்ட இடத்தில் நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்காக ஊருக்கு வராதே. வரத் தோன்றினால் வா, ஆனால் அம்மா தனியாக இருக்கிறாள் என்று வராதே. அப்படி வந்தால் நான் நில் என்று சொல்லிவிடுவேன், நீயும் நின்றுவிடுவாய்.

வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். மெஸ்ஸுக்கு லீவு. ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், யாரும் வந்து ஏமாறக்கூடாது பார். தோட்டத்துக்குப் போகிற ஒரு பொம்பளை, "என்னக்கா விசேசம், கடையவே அடைக்கிறீக?" என்று கேட்டாள். "விசேசம் ஒண்ணுமில்லை ஆத்தா, மகன்கூட ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்" என்றேன். கம்பத்தில் பஸ் ஏறினால் மத்தியானம் வந்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். வந்து பெல் அடிப்பேன். கவிதாவிடம் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் வெளியிலேயே நிற்பேன். நீ எழுந்து வந்து திற.

அம்மா